‘நேவி’ கேள்விக்கு மதிப்பெண் மறுத்த குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி மாணவர்களுக்கான தமிழ்மொழித் திறன் போட்டியை நடத்தும் மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

மாவட்டச் சுற்றில் நீங்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று: “ஆங்கிலத்தில் கடற்படையைக் குறிக்கும் ‘நேவி’ என்ற சொல் எந்த மொழியிலிருந்து வந்தது?” என்னிடம் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி, “லத்தீன். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது” என்று எழுதினாள். அதன்மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, ஓரத்தில் “நாவாய் – தமிழ்” என்று திருத்தி எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு மதிப்பெண்ணால் அவள் மாநிலச் சுற்றுக்குத் தேர்வாகவில்லை. அகராதிப் பக்கத்தின் நகலை இணைத்து முறையீடு அனுப்பினோம். “விடைக்குறிப்பே இறுதியானது” என்று ஒரு வரியில் பதில் வந்தது. நேரில் வந்து கேட்டபோது உங்களில் ஒருவர், “தமிழாசிரியையான நீங்களே தமிழுக்கு எதிராக வந்து நிற்கலாமா?” என்றார்.

அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் வந்து நின்றது தமிழுக்காகத்தான். அதைப் பிள்ளைகளும் பெற்றோர்களும் மற்ற ஆசிரியர்களும் படிக்கும்படி எழுத வேண்டும் என்பதால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

முதலில் அந்த மாணவி எப்படி விடை கண்டாள் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளி நூலகத்தில் அட்டை பிய்ந்துபோன பெரிய ஆங்கில அகராதி ஒன்று இருக்கிறது. பொருளைப் படித்ததோடு மூடிவிடாமல், அதன் கீழே பொடி எழுத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் வரியையும் படிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லின் பிறப்பு அங்கேதான் இருக்கும். ‘நேவி’க்கு அந்த வரி சொல்வது இது: இடைக்கால ஆங்கிலம், அதற்கு முன் பழைய பிரெஞ்சு ‘நாவி’, அதற்கும் முன் லத்தீன் ‘நாவிஸ்’. நாவிஸ் என்றால் கப்பல். அவள் விரலை வைத்து ஒவ்வொரு சுருக்கக் குறியீடாக முன்பக்க அட்டவணையில் தேடிப் பிடித்துப் படித்த வரி அது. நீங்கள் பெருக்கல் குறி போட்டது அந்த உழைப்பின் மேல்.

இப்போது விடயத்துக்கு வருகிறேன். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பு அங்கே ‘நேவி’ என்ற சொல் கிடையாது. ஆங்கிலேயர் தங்கள் சொந்தச் சொற்களான ‘ஷிப்’பையும் படையையும் சேர்த்துத்தான் கப்பற்படையைக் குறித்தார்கள். பிரெஞ்சு பேசிய ஆட்சியாளர்களோடு வந்து சேர்ந்த எண்ணற்ற சொற்களில் ஒன்று ‘நாவி’. 14-ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்துகளில் அது தென்படத் தொடங்குகிறது. அப்போது அதற்குப் போர்ப்படை என்ற பொருள் மட்டும் இல்லை. கூட்டமாகப் போகும் கப்பல்கள் எல்லாமே ‘நேவி’தான், சரக்குக் கப்பல்கள் உட்பட. அரசனுக்கென்று நிலையான போர்க்கப்பல்களும் அவற்றை நிர்வகிக்க அலுவலகங்களும் உருவான பிறகுதான், எட்டாம் ஹென்றியின் காலத்தை ஒட்டி, சொல்லின் பொருள் இன்றைய இடத்தை நோக்கி ஒடுங்கியது.

கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600-இல். அவர்களுடைய கப்பல் சூரத்துக்கு வந்தது 1608-இல். சென்னையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது 1639-இல். தமிழ்க் கடற்கரையில் ஆங்கிலேயன் காலை வைப்பதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முன்பே அவன் மொழியில் ‘நேவி’ இருந்தது. அப்படியிருக்க நம்மிடமிருந்து அதை எப்படி எடுத்துப்போயிருப்பான்?

இதை நேரில் சொன்னபோது, “ஆங்கிலேயன் எடுக்கவில்லை என்றால் ரோமானியன் எடுத்திருப்பான். யவனர்கள் முசிறிக்கு வந்தவர்கள்தானே?” என்றீர்கள். வந்தார்கள், உண்மை. முசிறியிலிருந்து ஹெர்மபோலோன் என்ற கப்பலில் ஏற்றிய சரக்கின் கணக்கு எழுதிய பாப்பிரஸ் தாள் இன்றும் வியன்னாவில் இருக்கிறது. செங்கடல் துறைமுகங்களான குசேர் அல்-காதிமிலும் பெரெனிகேயிலும் தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அந்த வணிகம் பெருகியது கி.மு. 30-இல் எகிப்து ரோமானியர் கைக்குப் போன பிறகு. லத்தீன் ‘நாவிஸ்’ அதற்கு ஒன்றிரண்டு நூற்றாண்டுகள் முன்பே எழுதப்பட்ட நாடகங்களில் இருக்கிறது. கிரேக்கத்தில் ‘நௌஸ்’ என்ற சொல் ஹோமர் காப்பியங்கள் முழுவதும் வருகிறது. கிரேக்க நாட்டின் பைலாஸ் அரண்மனையில் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 1200-ஐச் சேர்ந்த களிமண் பலகைகளில் கப்பல் கட்டுவோரைக் குறிக்க ‘நௌதோமோ’ என்று எழுதியிருக்கிறார்கள். பழைய ஐரிஷ் மொழியில் கப்பலுக்கு ‘நௌ’. வடகடலோரம் வாழ்ந்த நார்ஸ் மக்களிடம் ‘நோர்’. சமஸ்கிருதத்தில் ‘நௌ’, அது ரிக் வேதத்திலேயே இருக்கிறது. இத்தனை மொழிகளிலும் இந்தச் சொல் இருப்பதற்குக் காரணம் அவையெல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதுதான். இந்தியக் கடற்படையின் இந்திப் பெயர் ‘நௌசேனா’. அதிலுள்ள ‘நௌ’ ‘நேவி’க்கு உண்மையிலேயே உறவு. நம் ‘கடற்படை’ அந்த உறவுக்குள் வராத, தன் காலில் நிற்கும் சொல். அதில் நமக்கு என்ன குறை?

அப்படியானால் ‘நாவாய்’? அது நம் இலக்கியத்தின் அழகான சொற்களில் ஒன்று. கரிகாலனைப் பாடும் வெண்ணிக்குயத்தியார், “நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி வளிதொழில் ஆண்ட உரவோன் மருக” என்கிறார். காற்றையே வேலை வாங்கியவனின் வழித்தோன்றலே என்று ஒரு பெண் அழைக்கிறாள். அந்த வரியை வகுப்பில் நான் எத்தனை முறை நடத்தினாலும் எனக்கு அலுப்பதில்லை. “கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து” என்ற குறள் அடியை நீங்களும் அறிவீர்கள். இந்தச் சொல்லின் வேர் பற்றி அறிஞர்களிடம் இரண்டு கருத்துகள் உண்டு. வடமொழி ‘நௌ’வோடு தொடர்புடையது என்பார் ஒரு சாரார், தனித் தமிழ்ச் சொல் என்பார் இன்னொரு சாரார். முதல் கருத்து சரி என்றால், ‘நாவாய்’ அந்த வடக்கத்திக் குடும்பத்திலிருந்து நம்மிடம் வந்த சொல். இரண்டாவது கருத்து சரி என்றால், ‘நேவி’க்கும் அதற்கும் ஒலியைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எந்த வழியில் போனாலும் உங்கள் விடைக்குறிப்பில் இருக்கும் விடை கிடைக்காது.

ஒலி ஒத்திருக்கிறதே என்பது உங்கள் முதன்மையான வாதம். வடகிழக்கு ஆஸ்திரேலியாவில் ம்பபாரம் என்ற பழங்குடி மொழி இருந்தது. அதில் நாய்க்குப் பெயர் ஏறத்தாழ ஆங்கிலத்தில் உள்ளது போலவே ‘டாக்’. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அந்த மொழியைப் பதிவுசெய்த மொழியியலாளரே காட்டியிருக்கிறார். பாரசீகத்தில் ‘பத்’ என்றால் கெட்டது, ஆங்கிலத்தில் ‘பேட்’ என்றாலும் கெட்டது. அங்கேயும் உறவு இல்லை. ஆயிரக்கணக்கான சொற்கள் உள்ள இரண்டு மொழிகளை எடுத்துக்கொண்டால் சில சொற்கள் தற்செயலாக ஒத்துத்தான் இருக்கும். ஒலி ஒற்றுமை ஓர் ஐயத்தை எழுப்பலாம். அதற்குப் பிறகு எந்தக் காலத்தில், யார் வழியாக, எந்தெந்த வடிவில் போனது என்று ஒவ்வொரு படியையும் காட்டினால்தான் அது சான்று. இதெல்லாம் மேல்நாட்டான் சொன்னது என்று தள்ள வேண்டாம். “மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா” என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு சொல் ஏன் அந்தப் பொருளைத் தருகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடாது என்று எழுதிய இலக்கணத்துக்கு உரியவர்கள் நாம்.

என் மனத்தை உண்மையில் அறுப்பது இனிமேல் நான் சொல்லப்போவது. இந்தக் கேள்வியைக் கேட்டதன் மூலம், கடலில் தமிழ் உண்மையாகவே விட்டுவந்த தடங்களை நீங்கள் பிள்ளைகளிடமிருந்து மறைத்துவிட்டீர்கள்.

மலாய், இந்தோனேசிய மொழிகளில் கப்பலுக்கு என்ன சொல் தெரியுமா? ‘கப்பால்’. அது நம் ‘கப்பல்’. தமிழ் வணிகர்களோடு கடல் கடந்து போன சொல். இந்தோனேசியக் கடற்படையின் ஒவ்வொரு போர்க்கப்பலின் பெயருக்கும் முன்னால் மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்று வரும். அதன் விரிவு ‘கப்பால் பெராங் ரிபப்ளிக் இந்தோனேசியா’. மலேசிய அரச கடற்படையின் கப்பல்களுக்கு முன்னொட்டு ‘கப்பால் டிராஜா’. இரண்டு நாடுகளின் கடற்படைகளில், ஒவ்வொரு கப்பலின் பெயரும் தமிழ்ச் சொல்லோடு தொடங்குகிறது. கடற்படையில் தமிழ் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்பட்டால், கிழக்கே திரும்பியிருந்தால் போதும். 1025-இல் இராசேந்திர சோழனின் படை போன திசையும் அதுதான். அந்தப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தி, “அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி” என்கிறது. கவனியுங்கள், அங்கே வரும் சொல் ‘கலம்’. கலம், நாவாய், வங்கம், அம்பி, தோணி, திமில், பஃறி, ஓடம், புணை என்று ஒவ்வொரு வகை மிதவைக்கும் பெயர் வைத்த மொழி இது. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, ஆங்கிலச் சொல்லுக்கு அருகில் நிறுத்திப் பெருமை தேட வேண்டிய நிலையில் நாம் இல்லை.

ஆங்கிலத்துக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று விரும்பினாலும் கட்டுமரம் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் அதைப் பார்த்த வில்லியம் டாம்பியர், 1697-இல் அச்சான தன் பயண நூலில் அந்தப் பெயரை எழுதிவைத்தார். 1804 அக்டோபரில் பிரெஞ்சுக் கரையிலுள்ள பூலோன் துறைமுகத்தைத் தாக்கியபோது, பிரிட்டிஷ் கடற்படை வெடிமருந்து நிரப்பிய மிதவைகளை அனுப்பியது. ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த அந்த ஆயுதத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கேட்டமரான்’. நெப்போலியனுக்கு எதிரான போரில், பிரிட்டிஷ் கடற்படையின் ஆயுதம் ஒன்றுக்கே தமிழ்ப் பெயர். இன்று இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கு உலகம் முழுவதும் அந்தப் பெயர்தான்.

உங்கள் போட்டியில் வெளியேற்றப்பட்ட அந்த மாணவியின் தந்தை நாகப்பட்டினம் பக்கத்துக் கடலில் மீன்பிடிப்பவர். இப்போது ஃபைபர் படகில் போகிறார். அவளுடைய தாத்தா கட்டுமரத்தில் போனவர். ஒருமுறை அவள் வகுப்பில் கரும்பலகையில் கட்டுமரத்தை வரைந்து காட்டினாள். நீளமான நடுமரத்துக்கு இருபுறமும் மரங்களை அடுக்கி, கயிறு எங்கே வரும், முடிச்சு எங்கே விழும் என்று வரைந்தாள். ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக வெயிலில் போட்டுவிடுவார்கள், ஏனென்றால் மரம் தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும் என்றாள். முன்பக்கத்தை ‘அணியம்’ என்று சொன்னாள். வாடை எப்போது எழும், கொண்டல் எப்போது வரும், கச்சான் அடித்தால் கடல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நகரத்திலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். கடல் பற்றிய தமிழ் அவள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம்தான், கடல் சார்ந்த ஒரு கேள்வியில், உனக்குத் தமிழ் தெரியவில்லை என்று நீங்கள் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள்.

அகராதியில் ‘நேவி’ பார்த்த மறுநாள் அவள் என்னிடம் இன்னொன்றையும் கொண்டுவந்தாள். பழைய ஆங்கில விவிலியத்தில், 1611-இல் வெளியான பதிப்பில், சாலொமோன் அரசன் எசியோன்கேபேர் துறைமுகத்தில் ‘நேவி’ கட்டினான் என்று வருகிறது. அந்த ‘நேவி’ போருக்குப் போகவில்லை. சற்றுத் தள்ளி இன்னொரு வசனத்தில், அவனுடைய ‘நேவி’ பொன்னும் வெள்ளியும் யானைத் தந்தமும் குரங்கும் மயிலும் கொண்டுவந்தது என்று வருகிறது. அந்த வசனத்தின் எபிரேய மூலத்தில் மயிலைக் குறிக்கும் சொல் ‘துக்கி’. அது தமிழின் ‘தோகை’யாக இருக்கலாம் என்று கால்டுவெல் உள்ளிட்ட அறிஞர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். மறுப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் அவளிடம் சொன்னேன். ‘நேவி’ வரும் அதே வரியில், அந்தக் கப்பல் இறக்கிய சரக்கில் ஒருவேளை தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறது! இந்த வியப்பை ஒரு போட்டியில் கேள்வியாக்க எவ்வளவு வாய்ப்பு இருந்தது. அதே வேரிலிருந்து வந்தவைதான் ‘நேவிகேஷ’னும் ‘அஸ்ட்ரோனாட்’டில் வரும் ‘னாட்’டும். கடல் பயணத்தில் வரும் குமட்டலுக்குக் கிரேக்கர் வைத்த பெயரிலிருந்துதான் ‘நாசியா’ வந்தது. சீருடைத் துணிக்கடையில் பிள்ளைகள் கேட்டு வாங்கும் ‘நேவி ப்ளூ’, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளுக்கு 1748-இல் வகுத்த நீலச் சீருடையில் தொடங்கியது. லத்தீன் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்குச் சுவாரசியம் இருக்காது என்று நினைத்தீர்கள் என்றால், பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது குறைவு.

“பல இணையதளங்களிலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் இப்படித்தானே இருக்கிறது” என்றும் சொன்னீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் போட்டு, மூலம் எது என்று யாருக்கும் தெரியாமல் பெருகிய செய்தி அது. ‘நேவிகேஷன்’ சமஸ்கிருத ‘நவகதி’யிலிருந்து வந்தது என்று வடக்கில் ஒரு கூட்டம் இதே முறையில் பரப்பிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. சான்று எங்கே என்று கேட்கிறோம். நம் பக்கத்துச் செய்தியிடம் அதே கேள்வியைக் கேட்க வேண்டாமா? கேட்காவிட்டால் வெளியே நடப்பது என்ன என்று எனக்குத் தெரியும். இஞ்சி பாலி மொழியில் ‘சிங்கிவேர’ ஆகி, கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’ ஆகி, லத்தீன் வழியாக ஆங்கில ‘ஜிஞ்சர்’ ஆன வரலாற்றை அறிஞர்கள் படிப்படியாக நிறுவியிருக்கிறார்கள். மாங்காய் போர்த்துக்கீசியர் வழியாக ‘மேங்கோ’ ஆனதும், சுருட்டு ‘செரூட்’ ஆனதும், மிளகுத்தண்ணி ‘மல்லிகடானி’ ஆனதும் ஆங்கில அகராதிகளே ஒப்புக்கொண்ட செய்திகள். இந்தப் பட்டியலில் ‘நேவி’யையும் சேர்த்து நம் பிள்ளை ஒரு பல்கலைக்கழக வகுப்பில் சொன்னால், கேட்பவர் இஞ்சியையும் சேர்த்து நம்பமாட்டார். ஒரு கள்ள நோட்டு அகப்பட்டால் கட்டு முழுவதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள்.

மொழிப்பற்று உங்களிடம் இருப்பதை நான் சந்தேகிக்கவில்லை. விடுமுறை நாட்களில் உங்கள் சொந்தச் செலவில் இந்தப் போட்டியை நடத்துகிறீர்கள் என்பதும், சிற்றூர்ப் பள்ளிகளைத் தேடி வந்து அழைக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பிடிவாதம் எனக்கு இவ்வளவு வலிக்கிறது. எங்கள் பிள்ளைகள் உங்கள் கையேட்டை மனப்பாடம் செய்கிறார்கள். அதில் அச்சாகியிருப்பதை அவர்கள் அறுபது வயதிலும் சொல்வார்கள்.

நான் கேட்பவை இவை. ‘நேவி’ கேள்விக்கான விடையைத் திருத்தி அறிவியுங்கள். லத்தீன் என்றோ பழைய பிரெஞ்சு என்றோ எழுதிய எல்லா மாணவர்களுக்கும், என் மாணவிக்கு மட்டுமல்ல, மதிப்பெண்ணை வழங்குங்கள். அதனால் தகுதி பெறுகிறவர்களை மாநிலச் சுற்றுக்கு அழையுங்கள். அந்தச் சுற்று இன்னும் நடக்கவில்லை, எனவே காலம் கடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பள்ளிகளுக்கு நீங்கள் விற்ற கையேட்டின் அடுத்த அச்சிலிருந்து இந்த வினாவை நீக்குங்கள். ஏற்கெனவே வாங்கிய பள்ளிகளுக்கு ஒரு திருத்தத் தாள் அனுப்புங்கள்.

சொற்பிறப்புக் கேள்விகள் எதுவானாலும் விடைக்குறிப்பில் மூலத்தையும் அச்சிடுங்கள்: எந்த அகராதி, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம். சான்றோடு வரும் முறையீடுகளை, வினாத்தாள் தயாரித்தவர் அல்லாத, மொழியியல் படித்த ஒருவரிடம் காட்டி முடிவு சொல்லுங்கள். திராவிட மொழியியல் கற்ற பேராசிரியர்கள் நம் மாநிலத்தில் இருக்கிறார்கள், கேட்டால் உதவுவார்கள்.

விடையைக் கேள்வி கேட்கும் ஆசிரியரிடமோ மாணவரிடமோ, நீ தமிழுக்கு எதிரியா என்று இனி உங்கள் குழுவில் யாரும் கேட்கக் கூடாது. என்னிடம் அப்படிக் கேட்டபோது அந்த மாணவி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்தில் ஒரு விளக்கம் அனுப்புங்கள், எனக்கு வேண்டாம்.

மாநிலச் சுற்றுக்கான பெயர்ப் பட்டியலை வெளியிடுவதற்கு முன் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரப் பள்ளி ஒன்றின் தமிழாசிரியை